நான்காவது பக்கத்து வெளிச்சம்

நான் கையெழுத்துப் போட்ட அன்று அந்த விரிசல் கிண்ணத்தில் இருந்ததா, இல்லையா?

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பதில் தெரியாத ஒன்றைப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு எழுதலாமா என்று பல நாட்கள் யோசித்தேன். இப்படியான கட்டுரைகளை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவது வழக்கம். என் மகளுக்கு இன்னும் நான்கு வயது முடியவில்லை. ஆனால் சென்ற பனிக்காலத்தோடு பொருட்களைக் கையால் தொடும் வேலையை விட்டுப் பதிவேட்டு மேசைக்கு வந்துவிட்டேன். அந்த அளவில் நானும் ஓய்வு பெற்றவள்தான். அத்துடன் இந்த நகரத்து அருங்காட்சியகங்களில் நம் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இப்போதுதான் வேலைக்கு வரத் தொடங்கியிருக்கிறீர்கள். உங்களில் ஒருவராவது என்னைப்போல் ஒரு கையில் விளக்கும் மறு கையில் ஃபோனுமாக நிற்கக்கூடும். அதனால் எழுதுகிறேன்.

கிண்ணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாரசீகத்தின் கிழக்கில் செய்த கண்ணாடிக் கிண்ணம் அது. ஒரு கைக்குள் அடங்கும். நிறமில்லை; தண்ணீரைக் கிண்ணமாக உறைய வைத்ததுபோல் இருக்கும். தடிப்பாக ஊதி, ஆறவிட்டு, பிறகு சுழலும் சக்கரத்தில் வைத்து வெளிப்புறத்தை வெட்டியிருக்கிறார்கள். சுற்றிவர ஐந்து பறவைகள் வரிசையாக நடக்கும். கண், அலகு, சிறகு எல்லாம் சக்கரம் வெட்டிய கோடுகள். வெட்டியவர் ஒரு இடத்தில் கொஞ்சம் கூட அழுத்தியிருந்தால் அன்றைக்கே பிளந்திருக்கும். அவர் எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தியிருந்தார். ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்று அதை ஒரு கண்காட்சிக்காக ஆறு மாதம் எங்களுக்கு இரவல் தந்தது.

இரவல் வந்த பொருளைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அதன் நிலையை எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. கண்ணாடியென்றால் அறை விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு சிறு விளக்கை மேசைக்குக் கிட்டத் தாழப் பிடித்து, நான்கு பக்கத்திலிருந்தும் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்க்கவேண்டும். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத விரிசல் அப்படிப் பார்க்கையில் ஒரு கணம் மின்னும். படத்தில் அது அநேகமாக விழாது, கண்தான் சாட்சி. ஒவ்வொரு பக்கம் பார்த்து முடிந்ததும் அறிக்கையில் ஒரு சரி அடையாளம். நான்கு பக்கம், நான்கு அடையாளம்.

கிண்ணம் வந்தது நான் பிரசவ விடுமுறை முடிந்து திரும்பிய முதல் கிழமை. மகள் டேகெயருக்கு, பகல்நேரக் குழந்தைக் காப்பகத்துக்கு, போகத் தொடங்கியதும் அதே கிழமைதான். மூன்று பக்கம் பார்த்து மூன்று அடையாளம் போட்டேன். நான்காவது பக்கத்துக்கு விளக்கைக் கொண்டுபோனபோது ஃபோன் அடித்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப்போங்கள் என்றார்கள். வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். நான்காவது அடையாளத்தைப் போட்டேன். கையெழுத்துப் போட்டேன். டேகெயர் இருக்கும் மில்லிக்கனுக்கு ஓடினேன்.

நான்காவது பக்கத்தில் விளக்கைப் பிடித்தது நினைவிருக்கிறது. கண்ணாடியைப் பார்த்தது நினைவில் இல்லை.

அடுத்த நாளே திரும்பிப் பார்த்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அடுத்த மூன்று நாளும் நான் பிள்ளையோடு வீட்டில் நின்றேன். திரும்பி வந்தபோது கிண்ணம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வெளியே நின்று பார்த்தேன். அழகாக நின்றது. பார்த்திருப்பேன், பார்க்காமல் அடையாளம் போடுகிற ஆள் நானில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைச் சொல்லவேண்டி வந்ததே ஒரு அறிகுறி என்று இப்போது தெரிகிறது.

இனி அண்ணை. பொருட்கள் சரியாமல் நிற்கப் பித்தளைக் கம்பியில் தாங்கி செய்பவர் அவர். நாங்கள் அதை மவுண்ட் என்போம். மட்டக்களப்பு ஆள், மோர்னிங்சைட்டில் வீடு. என்னைவிட இருபது வயது மூத்தவர் என்றாலும் என்னுடைய பகிடிக்கு என்னைவிடப் பலமாகச் சிரிப்பார். எங்கள் தொழிலில் ஒரு பொருளைக் கைமாற்றும்போது வாங்குபவர் "பிடித்துவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அந்தச் சொல் காதில் விழும்வரை கொடுப்பவர் விடக்கூடாது. மற்றவர்கள் அதை ஆங்கிலத்தில் சொல்வார்கள். நாங்கள் இருவரும் தமிழில். அண்ணை இதைச் சாப்பாட்டு அறைக்கும் கொண்டுவந்துவிட்டார். தேநீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

"சொல்லு புள்ள, விடுறன்."

"அண்ணை, இது வெறும் தேத்தண்ணி."

"தேத்தண்ணியெண்டாப் போல காலில ஊத்தினாச் சுடாதா?"

"சரி, பிடிச்சிட்டன்."

"விட்டிட்டன்."

கண்காட்சி முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் கிண்ணத்தை இறக்கினோம். திங்கட்கிழமை இரவல் தந்த இடத்திலிருந்து ஒருவர் வந்து எல்லாவற்றையும் சரிபார்த்து, தன்னோடு விமானத்தில் கொண்டுபோவதாக ஏற்பாடு. அண்ணை மவுண்டின் மூன்று கம்பி விரல்களையும் மெதுவாக விரித்துக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார். பிடிச்சிட்டன். விட்டிட்டன். மேசையில் வைத்தேன். விளக்குகளை அணைத்தோம்.

இந்தமுறை ஃபோனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். முதல் மூன்று பக்கமும் சுத்தம். நான்காவது பக்கத்தில், மூன்றாவது பறவையின் சிறகுக்குள், மயிர்போல ஒரு கோடு மின்னி அணைந்தது.

வெட்டிய கண்ணாடியின் வஞ்சகம் இதுதான். விரிசல் வெட்டுக் கோட்டுக்குள்ளேயே ஓடினால் வெட்டும் விரிசலும் ஒன்றாகத் தெரியும். விளக்கை மெதுவாக நகர்த்திப் பார்க்கவேண்டும். வெட்டுக் கோடு வெளிச்சத்தை விடாமல் வைத்திருக்கும். விரிசல் ஒரு கோணத்தில் மட்டும் பளிச்சிட்டு மறைந்துவிடும். நான் நகர்த்தினேன். பளிச்சிட்டது. மறைந்தது. பூதக்கண்ணாடியை எடுத்தேன். சிறகு முடிந்த பிறகும் அது ஒரு அரிசி நீளத்துக்கு வெறும் கண்ணாடிக்குள் போயிருந்தது.

"அண்ணை, இஞ்சை வந்து பாருங்கோ."

அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"உது வெட்டு, புள்ள."

"வெட்டெண்டால் சிறகோடை நிண்டிருக்கும். உது நிக்கேல்லை."

அவர் மவுண்டை எடுத்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒரு கம்பி விரல் நின்ற இடம் விரிசலின் முனைக்கு நேர் கீழே வந்தது. அவருடைய முகம் அப்போது மாறியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பெருவிரலால் அந்தக் கம்பியின் பஞ்சுறையைத் தடவிக்கொண்டே நின்றார்.

"எண்ட கம்பிதான்" என்றார்.

அதற்கு முந்திய வருடம் ஒரு பீங்கான் தட்டின் விளிம்பு அவருடைய மவுண்டில் சிறிது உதிர்ந்திருந்தது. கம்பி இறுக்கம் என்று எழுதினார்கள். இது இரண்டாவது என்றால் அவரைக் கண்ணாடிப் பக்கமே விடமாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் இந்த நாட்டுக்கு வந்து செய்த எத்தனையோ வேலைகளில், விரும்பிச் செய்தது கண்ணாடிக்கு மவுண்ட் செய்வதுதான்.

"திங்கள் அந்த ஆள் வந்து பார்க்கட்டும். கண்டாக் கண்டது. காணாட்டி…" என்று இழுத்தார்.

"காணாட்டி உதை உப்பிடியே பெட்டிக்கை வைப்பமோ? பிளேனிலை அதிர்ந்தால் ரெண்டாப் போகும், அண்ணை."

"தெரியும்" என்றார். "தெரிஞ்சுதான் சொல்லிப் பார்த்தன். நீ போய்ச் சொல்லு."

அவர் அதைக் கேட்டது தவறு என்று நான் நினைக்கவில்லை. கேட்டுவிட்டு உடனே கைவிட்டாரே, அதுதான் எனக்குப் பெரிது.

டேகெயர் ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். பக்கத்து அறைக்குப் போய் என் கணவருக்கு ஃபோன் எடுத்தேன்.

"பிள்ளையை நீங்கள் எடுங்கோ. எனக்கு இஞ்சை வேலை முடியேல்லை."

"நான் இன்னும் அங்கை தூர மிசிசாகாவிலை நிக்கிறனப்பா."

"அப்ப நிக்கிற இடத்திலை இருந்து வெளிக்கிடுங்கோ."

வைத்துவிட்டேன். கல்யாணம் செய்த நாளிலிருந்து அவரோடு அவ்வளவு சுருக்கமாக நான் பேசியதில்லை.

அரும்பொருட்களைப் பராமரிக்கும் பிரிவின் தலைவியிடம் போகும் நடைபாதை நீளமானது. நடக்கும்போதே என்ன சொல்வது என்று அடுக்கினேன். விரிசல் கண்டேன். இன்ன இடம், இன்ன நீளம். அவ்வளவுதான். நான்காவது அடையாளத்தைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காததை ஏன் சொல்லவேண்டும்? அன்று பார்த்திருக்கவும் கூடும். பார்த்த ஒன்றைப் பார்க்கவில்லை என்று சொல்வதும் பொய்தானே? திரும்பி வந்த முதல் கிழமையே பிழை விட்டவள் என்று ஆகிவிட்டால், பிள்ளை பெற்றவர்களை இந்த வேலைக்கு நம்பலாமா என்று கதை வராதா? இப்படி நியாயங்கள் வரிசையாக வந்தன. நியாயம் தேவைப்படாத ஆளுக்கு இத்தனை நியாயம் வராது.

தலைவி ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். விரிசலைப் பற்றிச் சொல்லி முடித்ததும் பழைய அறிக்கையைத் திறந்தார்.

"வந்தபோது சுத்தம் என்று இருக்கிறது. உன் கையெழுத்து."

"ஓம்."

"அப்படியானால் இங்கேதான் நடந்திருக்கிறது. மவுண்ட் யார் செய்தது?"

நான் பேசாமல் இருந்தாலே போதும், அந்தக் கேள்வி தானாகப் போய் அண்ணையின் கழுத்தில் விழுந்துவிடும். நான் பொய் சொல்லத் தேவையே இல்லை. என் அடையாளமே எனக்காகச் சொல்லிவிடும். இதை விளங்கிக்கொள்ளுங்கள்: எங்கள் தொழிலில் ஒரு சின்னச் சரி அடையாளம் இன்னொருவருக்கு எதிரான சாட்சியாகும்.

"அதற்கு முன் ஒன்று சொல்லவேண்டும்" என்றேன். "நான்காவது அடையாளத்தை நம்பாதீர்கள்."

ஃபோன் வந்ததையும், விளக்கைப் பிடித்ததையும், பார்த்தது நினைவில் இல்லாததையும் சொன்னேன்.

"பார்க்கவில்லையா, பார்த்தாயா என்று தெரியவில்லையா?"

"தெரியவில்லை."

அவர் என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

"அப்படியே எழுது. உன் பிழையை ஒரு சொல்லும் குறைக்காதே. ஒரு சொல்லும் கூட்டாதே. கூட்டி எழுதுவதும் வீண் பெருமைதான்."

அந்தத் தாளில் ஏழு வரி எழுத முக்கால் மணி நேரம் எடுத்தது. என்னையே மன்னிக்கும் சொற்களையும் என்னையே அடிக்கும் சொற்களையும் வெட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் மிஞ்சியதன் சாரம் இதுதான்: நான்கு பக்கமும் பார்த்ததாக அடையாளம் போட்டேன், நான்காவது பக்கத்தை உண்மையில் பார்த்தேனா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியாது.

என் கணவர் ஆறு மணி கடந்து ஐந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறார். மகள் கோட்டும் தொப்பியும் போட்டுக் கதவடியில் ஆசிரியையின் மடியில் இருந்தாளாம். வீட்டுக்கு வந்து அவளைத் தூக்கியபோது, இனி விளக்குப் பிடிக்கும் நேரத்தில் உனக்காக வரும் ஃபோனை எடுப்பேனா மாட்டேனா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். அவள் என் காதைக் கடித்தாள். பல் முளைக்கும் பருவம்.

திங்கட்கிழமை வந்தவர் நரைத்த, மெல்லிய மனிதர். என் ஏழு வரியை இரண்டு முறை வாசித்தார். கிண்ணத்தை அரை நாள் பார்த்தார். மண்ணுக்குள் கிடந்த காலத்தில் தொடங்கிய விரிசலாக இருக்கலாம், இங்கே வரும் வழியில் நேர்ந்திருக்கலாம், எங்கள் பெட்டிக்குள் நேர்ந்திருக்கலாம், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். "நேர்ந்த காலம் தெரியவில்லை" என்று இரண்டு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்டோம். கிண்ணம் அந்தக் கிழமை பயணம் செய்யவில்லை. விரிசலை எதுவும் தொடாதபடி வேறொரு பெட்டி செய்து பிறகு அனுப்பினோம். விரிசல் ஒரு நூலளவும் நீளாமல் போய்ச் சேர்ந்தது. அன்று சொல்லாமல் விட்டிருந்தால் அது எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. அந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

ஒரு வருடம் என் கையெழுத்துக்குக் கீழே இன்னொருவரின் கையெழுத்தும் தேவைப்பட்டது. சிறுமையாகத்தான் இருந்தது. ஒரு நாளும் தவறாமல் போய் அந்த இரண்டாவது கையெழுத்தைக் கேட்டு வாங்கினேன். இப்போது எல்லோருக்கும் அதுவே நடைமுறை. நீங்களும் அதைச் சலித்துக்கொள்வீர்கள். சலித்துக்கொண்டே வாங்குங்கள். இன்னொன்று: நடுவில் ஃபோன் வந்தால் எடுங்கள், பிள்ளை பிள்ளைதான். ஆனால் போட்ட அடையாளங்களை எல்லாம் அழித்துவிட்டு, திரும்பி வந்து முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். விட்ட இடம் எது என்று உங்களுக்குத் தெரியாது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

அண்ணை நான் சொன்னதை நம்பவில்லை. பிழையென்று எதையும் அவர் மேல் யாரும் எழுதவில்லை. ஆனால் சில நாட்களின் பின் அவர் தானாகவே தலைவியிடம் போய், தன் கை கனத்துவிட்டது, இனிக் கண்ணாடி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அவர் கல்லுக்கும் மரத்துக்கும்தான் மவுண்ட் செய்தார். அவற்றுக்கும் பஞ்சுறை இரண்டு சுற்று. நான் சாப்பாட்டு அறையில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"ஏன் விட்டனீங்கள்? உங்கடை கம்பியெண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நீ சொல்ல விடல்லியே." சிரித்தார். "ஃபோன் வந்தது, காய்ச்சல் எண்டு நல்ல கதை பிடிச்சாய், புள்ள. ஒரு தாய் சொன்னா ஆர்தான் மறுத்துக் கேட்பான்?"

"அண்ணை, அது கதையில்லை. உண்மையாத்தான்."

"சரி சரி. உண்மை." பிட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "சாப்பிடு."

பிறகு பல முறை சொல்லிப் பார்த்தேன். கோபமாகச் சொன்னேன். டேகெயர் அழைத்த நேரத்தை ஃபோனில் காட்டினேன். காய்ச்சல் வந்தது உண்மைதான், மிச்சத்தை நீ எனக்காகச் சேர்த்தாய் என்கிறார். நான் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறேனோ அவ்வளவுக்கு அவருக்கு என் மேல் நன்றி கூடுகிறது. மகளின் பிறந்தநாளுக்குத் தன் கையால் அடித்த ஒரு சோடிச் சின்ன வெள்ளிக் காப்புக் கொண்டுவந்தார். அதை அவளுக்குப் போட என்னால் முடியவில்லை. திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

"உங்கள் கம்பி இல்லை" என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை. அதுவாகவும் இருந்திருக்கலாம். என்னால் தர முடிந்தது "தெரியாது" என்ற ஒரு சொல்தான். என்னையும் அவரையும் ஒரே இடத்தில் நிறுத்தும் சொல் அது. அவர் அதில் தன் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, என் பாதியை அன்பளிப்பு என்று ஒதுக்கி வைத்துவிட்டார்.

இந்த மாதக் கடைசியில் அண்ணை ஓய்வு பெறுகிறார். பிரியாவிடையில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் பேசுவார். போன கிழமை மேசைக்கு வந்து சொன்னார்:

"அண்டைக்கு நீ எனக்காகச் செய்ததை எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டுத்தான் போவன். தடுக்காத."

தலைவியும் அங்கே இருப்பார். நான் சொல் சொல்லாக வெட்டி எழுதிய அந்த ஏழு வரி, ஒரு நல்ல மனிதரின் வாயால், எல்லோர் முன்னும் ஒரு பொய்யாகிவிடும். அதைவிட, யாருடைய பிழை என்று தெரியாத ஒன்றைத் தன்னுடையதாகவே தூக்கிக்கொண்டு அவர் மோர்னிங்சைட்டுக்குப் போய்விடுவார். அவருக்கு முன் நான் பேசுவேன். பேசாமல் இருக்கப்போவதில்லை, அதை முடிவு செய்துவிட்டேன். எப்படிச் சொன்னால் இந்த முறை நம்புவார் என்பதுதான் தெரியவில்லை.

இரண்டு வருடமாக அந்தத் "தெரியாது" என்ற சொல்லை அவரிடம் நீட்டிக்கொண்டே நிற்கிறேன். அவர் இன்னும் "பிடிச்சிட்டன்" என்று சொல்லவில்லை. அதனால் என்னால் விடவும் முடியவில்லை.

அவரையும் என்னையும் அறியாத உங்களுக்கு ஒருவேளை இது எங்களைவிடத் தெளிவாகத் தெரியலாம். இந்த வேலைக்கு நீங்கள் புதியவர்கள் என்பதால் கூச்சப்படவேண்டாம். என்ன சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறதோ, அதை மாத முடிவுக்குள் எனக்கு எழுதுங்கள்.